வட்டாரத்துக்கு ஒரு எம்.பி.எச். வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பட்டப்படிப்புக்குப் பிறகு என்ன படிக்கலாம் என்று தங்கள் நாளிதழின் கல்வி இணைப்பில் சென்ற வாரம் ஒரு கட்டுரை வந்திருந்தது. அதில் பொது சுகாதார முதுநிலைப் படிப்பான எம்.பி.எச்.சுக்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருந்தார்கள். எந்தப் பட்டதாரியும் சேரலாம், கொரோனாவுக்குப் பிறகு உள்ளூரிலும் வெளிநாட்டிலும் வேலை கொட்டிக் கிடக்கிறது என்று அந்தப் பத்தி முடிந்தது. மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் அந்தப் படிப்பை முடித்தவள் நான். சேர்க்கை பற்றி எழுதியது ஏறக்குறையச் சரி. வேலை பற்றி எழுதியதுதான் இடிக்கிறது. அதைப் படித்துவிட்டு எங்கள் தெருப் பிள்ளைகளே வந்து, "அக்கா, அப்ளிகேஷன் போடலாமா?" என்று கேட்கிறார்கள். ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இடமில்லை என்றால் சுருக்கிக்கொள்ளுங்கள், ஆனால் கடைசியில் கேட்டிருப்பதை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

நான் வேலூர் மாவட்டம் குடியாத்தத்துக்காரி. அப்பாவுக்குத் தறி, அம்மாவுக்குப் பீடி. பி.எஸ்சி. நர்சிங் முடித்துத் தனியார் மருத்துவமனை ஒன்றில் சில வருஷம் வார்டு பார்த்தேன். ஐப்பசி மழை விட்டதும் டெங்கு ஜுரத்தோடு ஆட்கள் வர ஆரம்பிப்பார்கள். ஒரே தெருவிலிருந்து அண்ணன், தங்கை, எதிர்வீட்டுப் பாட்டி என்று அடுத்தடுத்த கட்டிலுக்கு வருவார்கள். டிரிப் ஏற்றுவோம், பிளேட்லெட் பார்ப்போம், தேறியதும் அனுப்புவோம். கேஸ் ஷீட்டில் முகவரிக்கு ஒரு கட்டம் உண்டு. பில் போடுபவரைத் தவிர யாரும் அதைத் திரும்பிப் பார்த்து நான் கண்டதில்லை. அந்தத் தெருவுக்கு யாராவது போனார்களா, எத்தனை வீட்டு டிரம்மில் புழு நெளிகிறது என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கென்று தனியாக ஒரு படிப்பு இருப்பதே ஒரு சீனியர் சிஸ்டர் சொல்லித்தான் தெரியும்.

முதலில் சேர்க்கை. மத்திய சுகாதார அமைச்சகம் எம்.பி.எச்.சுக்கு ஒரு மாதிரிப் பாடத்திட்டம் வெளியிட்டிருக்கிறது. இரண்டு வருஷம், நான்கு செமஸ்டர். டாக்டர், பல் டாக்டர், சித்தா, ஆயுர்வேதம், நர்சிங், பிசியோதெரபி படித்தவர்களோடு அறிவியல், புள்ளியியல், சமூக அறிவியல் படித்தவர்களையும் சேர்க்கலாம் என்கிறது அது. ஆனால் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனக்கென்று ஒரு விதி வைத்திருக்கிறது. சில இடங்களில் மருத்துவம் சார்ந்த பட்டம் இருந்தால்தான் விண்ணப்பத்தையே வாங்குவார்கள். 'எந்தப் பட்டதாரியும்' என்பதை நம்பிப் பணம் கட்டுவதற்கு முன்னால் அந்தந்தப் பல்கலைக்கழக அறிவிக்கையைப் படித்துவிடுவது நல்லது. இன்னொன்று, இதைப் படித்தால் டாக்டர் ஆகிவிட முடியாது. எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் நான் டாக்டருக்குப் படித்துவிட்டு மறைக்கிறேன் என்று இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

நோய்ப்பரவலியல், உயிர்ப்புள்ளியியல், சுற்றுச்சூழல் சுகாதாரம், சுகாதாரப் பொருளாதாரம், ஊட்டச்சத்து, நிர்வாகம் என்று பாடங்கள் ஓடும். முதல் வாரமே, 1854இல் லண்டனில் காலரா பரவியபோது ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் செத்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்து, பிராட் தெருக் குழாயின் கைப்பிடியைக் கழற்ற வைத்த கதையைச் சொல்லிவிடுவார்கள். அதைச் சொல்லாத எம்.பி.எச். வாத்தியார் உலகத்தில் இருப்பார் என்று தோன்றவில்லை. நர்சிங் படித்தவர்களுக்கு உடம்பு சம்பந்தப்பட்டதெல்லாம் சுலபம், கணக்குதான் கழுத்தைப் பிடிக்கும். எங்கள் பேட்ச்சில் புள்ளியியல் படித்த தம்பி ஒருவன் இருந்ததால் கை-ஸ்கொயரையும் பி மதிப்பையும் தாண்டினோம். பதிலுக்கு ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்க வேண்டும், கர்ப்பிணிக்கு எந்த மாதத்தில் எந்த ஊசி என்று நாங்கள் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தோம். மென்பொருளுக்குக் காசு கேட்டு யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். எபி இன்ஃபோ, ஆர் இரண்டுமே இலவசம், பழைய லேப்டாப்பே போதும்.

எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், சென்னையில் உட்கார்ந்து படித்த பாடத்தில் பாதி எங்கள் வட ஆர்க்காட்டைப் பற்றியதாக இருந்தது. தொழுநோய் என்று ஆரம்பித்தால் வேலூர் பக்கத்துக் கரிகிரி தொழுநோய் மருத்துவமனை வரும். நோய் விரலைத் தின்றுவிடுகிறது என்று உலகமே நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், உணர்ச்சி மரத்துப்போன கையும் காலும் அடிபட்டும் சுட்டும்தான் தேய்கின்றன என்று வேலூரில் இருந்துகொண்டு காட்டியவர் பால் பிராண்ட் என்ற மருத்துவர். அதனால்தான் அறுவைச் சிகிச்சையோடு மெத்தென்ற ரப்பர் செருப்பும் சிகிச்சை ஆனது. எச்.ஐ.வி. என்றால் 1986. சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளை வேலூர் சி.எம்.சி. ஆய்வகத்தில் சோதித்தபோதுதான் இந்தியாவில் அந்தக் கிருமி இருப்பது முதன்முதலில் தெரிந்தது. கிராம சுகாதாரம் என்றால் 1977இல் கே.வி.குப்பத்தில் சி.எம்.சி. தொடங்கிய ரூசா என்ற கிராம சுகாதாரத் திட்டம். சுற்றுச்சூழல் பாடத்தில் பாலாற்றில் கலந்த தோல் தொழிற்சாலைக் கழிவு தொடர்பாக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு. மாசுபடுத்தியவனே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தில் உறுதிப்பட்டது அந்தத் தீர்ப்பில்தான். தில்லியில் படிக்கிற மாணவரும் பாலாற்றைப் படித்துத்தான் தேர்வு எழுத வேண்டும். பாலாற்றங்கரையில் பிறந்த நாம் அதைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்வதோடு சரி.

களப்பயிற்சிதான் இந்தப் படிப்பின் உயிர். தடுப்பூசி எத்தனை குழந்தைகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று கணக்கெடுக்க உலக சுகாதார நிறுவனம் வகுத்த பழைய முறை ஒன்று உண்டு. 30 ஊர் அல்லது தெருக்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் 7 குழந்தைகளைப் பார்ப்பது. எந்த வீட்டில் ஆரம்பிப்பது என்பதை நாமாக முடிவு செய்யக் கூடாது. நம் இஷ்டத்துக்கு விட்டால் மெயின் ரோட்டில் நல்ல வீடாகப் பார்த்துத்தான் நுழைவோம். அதனால் ஊர் நடுவில் நின்று தரையில் ஒரு பேனாவைச் சுழற்றிவிட வேண்டும். அது காட்டும் திசையில் ஊர் எல்லைவரை வீடுகளை எண்ணிக்கொண்டே போய், அதில் ஒரு எண்ணைக் குலுக்கலில் எடுக்க வேண்டும். குலுக்கலுக்கு ரூபாய் நோட்டின் கடைசி எண்களே போதும். மாரியம்மன் கோயில் திடலில் நாங்கள் பேனாவைச் சுழற்றியபோது அரசமரத்தடியில் இருந்த பெரியவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். என்ன தொலைந்துவிட்டது, யார் வீட்டைக் காட்டுகிறது என்று ஒரே விசாரணை. பேனா காலனிப் பக்கம் நின்றதும் ஒருவர், "அங்கெல்லாம் எதுக்கும்மா போறீங்க, இந்தப் பக்கம் வாங்க" என்றார். பேனாவைச் சுழற்றச் சொல்வது ஏன் என்று வகுப்பில் சொன்னதைவிட அந்த ஒரு வாக்கியத்தில் நன்றாகப் புரிந்தது. காலனிப் பக்கம்தான் போனோம்.

ஆய்வேட்டுக்கு நான் எடுத்துக்கொண்டது எங்கள் பக்கத்து விஷயம். பேரணாம்பட்டு, குடியாத்தம் ஒன்றியங்களில் பீடி சுற்றும் பெண்களின் ரத்த அழுத்தம். கேட்க எளிதாக இருக்கும். ரத்த அழுத்தம் எடுப்பதற்கு முறை இருக்கிறது. அரைமணி நேரத்துக்கு முன்னால் காபியோ புகையிலையோ கூடாது. முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் படும்படி ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். கை இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். பேசக் கூடாது. ஒருமுறை எடுத்துவிட்டு, சற்று இடைவெளி விட்டு மறுபடி எடுக்க வேண்டும். பீடி சுற்றும் வீட்டில் இதில் ஒன்றுகூட நடக்காது. முதுகு சாயும் நாற்காலி முதலில் இருக்காது. பக்கத்து வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி வந்து போட்டால், "நாற்காலில உக்காந்தா முறத்தை எங்கம்மா வைக்கறது?" என்பார்கள். மடியில் முறம், முறத்தில் வெட்டிய இலையும் தூளும். அந்தத் தூளின் காற்றில்தான் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள். அப்படியிருக்க, புகையிலை கூடாது என்ற விதியை என்ன செய்வது? ஐந்து நிமிஷம் சும்மா இருக்கச் சொன்னால் அது அவர்களுக்குக் கூலி. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று எண்ணித்தான் பணம். ஓர் அம்மா இடது கையை எனக்குக் கொடுத்துவிட்டு, வலது கைவிரலாலேயே இலையைத் தடவிப் பதம் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டையில் காற்று ஏறி இறங்கும்வரை அந்த விரல்கள் நிற்கவில்லை. கடைசியில் எங்கள் வழிகாட்டிப் பேராசிரியரைக் கேட்டு, மதியம் அவர்கள் சாப்பிட்டு எழுந்து சுவரோரம் கால் நீட்டி உட்காரும் நேரமாகப் பார்த்துப் போவது என்று மாற்றிக்கொண்டேன். அதற்குள் வெற்றிலை போட்டுவிடாமல் பிடிக்க வேண்டும் என்பது வேறு கதை.

அந்த வீடுகளில் நான் தெரிந்துகொண்டதை மட்டும் சொல்கிறேன். ரத்த அழுத்தம் கூடுதலாக இருந்த பலருக்கு அது இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களில் பலர் தலைவலி வந்தால்தான் மாத்திரை போடுகிறார்கள். இது ஊரெல்லாம் இருப்பதுதான். புதிதாகக் கிடைத்தது வேறு. மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கி, இன்று எங்கள் தெருவரைக்கும் வருகிறது. பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். நல்ல திட்டம், அதில் எனக்கு இரண்டாவது பேச்சில்லை. ஆனால் நான் பார்த்த சில தெருக்களில் அவர்கள் வருகிற நேரமும், பெண்கள் பீடிக் கட்டுகளை எடுத்துக்கொண்டு ஏஜென்ட் வீட்டுக்குப் போகிற நேரமும் ஒன்றாக இருந்தது. கதவு பூட்டியிருக்கும். தன்னார்வலர் 'வீட்டில் இல்லை' என்று குறித்துக்கொண்டு போய்விடுவார். அவர்மேலும் தப்பில்லை, அவருக்கு இன்னும் எத்தனையோ வீடு. மாத்திரை விட்டுப்போனதற்குக் காரணம் அலட்சியம் என்று நோட்டில் ஏறுகிறது. உண்மையில் கடிகாரம்தான் காரணம். அந்தத் தெருக்களுக்கு மட்டும் நேரத்தை மாற்றினால் போதும், ஒரு பைசா கூடுதல் செலவில்லை.

இதை யாரிடம் சொல்வது? ஆய்வேடு பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய்விட்டது. காலிகோ பைண்டிங், தங்க நிற எழுத்து, கண்ணாடி அலமாரி. ஒரு பிரதியை நானே எடுத்துக்கொண்டு சம்பந்தப்பட்ட வட்டார அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் மரியாதையாக உட்காரச் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து, வாங்கி வைத்துக்கொண்டார். அவர் மேஜையில் பிரசவக் கணக்கு, தடுப்பூசி அறிக்கை, வரப்போகிற ஆய்வுக் கூட்டத்துக்கான பட்டியல் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. "படிச்சுப் பாக்கறேம்மா" என்றார். படித்திருக்க மாட்டார். அவரைக் குறை சொல்லவில்லை. இப்படி வருவதைப் படித்து, சரிபார்த்து, மறுநாள் வேலையை மாற்றுவது அந்த அலுவலகத்தில் யாருடைய வேலையும் இல்லை. என் கடிதத்தின் விஷயமே இதுதான்.

கிராம சுகாதார செவிலியரில் ஆரம்பித்து மாவட்டம்வரை நம்மிடம் எண்ணுவதற்கு ஆள் இருக்கிறது. சந்தேக நோய் ஒரு படிவம், டாக்டர் பார்த்துச் சொன்ன நோய் ஒரு படிவம், ஆய்வகம் உறுதி செய்தது ஒரு படிவம் என்று கணக்கு மேலே ஏறிக்கொண்டே இருக்கிறது. இப்போது எல்லாம் ஆன்லைன். அந்த எண்ணை வட்டார மட்டத்திலேயே திருப்பிப் படித்து, எந்தத் தெரு, ஏன் அந்தத் தெரு என்று கேட்பவர்தான் இல்லை. கேட்கச் சொல்லிக்கொடுக்கிற படிப்பு எம்.பி.எச். அதைப் படித்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்றால் என் பேட்ச்சையே பாருங்கள். ஒருவர் மருத்துவமனைத் தரச்சான்று வேலைக்குப் போய்விட்டார், ஒருவர் மருந்து கம்பெனி ஆய்வுத் தரவு பார்க்கிறார், பல் டாக்டர் திரும்பவும் கிளினிக்குக்கே போய்விட்டார். நான் ஒரு தொண்டு நிறுவனத் திட்டத்தில் ஒப்பந்தத்தில் இருக்கிறேன். திட்டம் முடிந்தால் நானும் முடிந்தேன்.

அரசில் இடமே இல்லையா என்றால், தேசிய சுகாதார இயக்கத்தில் மாவட்டத்துக்கு ஒரு நோய்ப்பரவலியல் நிபுணர் என்று இருக்கிறது. அதுவும் ஒப்பந்தம்தான், 11 மாதம், பிறகு நீட்டிப்பு. மற்றபடி விளம்பரங்களில் எங்கள் பட்டத்தின் பெயரைத் தேட வேண்டும். ஒரு தேர்வு அமைப்பின் இணையதளத்தில் கல்வித் தகுதி கட்டத்தைத் திறந்தால் எம்.ஏ. முதல் எம்.வி.எஸ்சி. வரை நீளமாகப் பட்டியல் வருகிறது, எம்.பி.எச். இல்லை. 'மற்றவை' என்று போட்டால் அடுத்த பக்கம் திறக்க மாட்டேன் என்கிறது. கடைசியில் பி.எஸ்சி. நர்சிங் என்று மட்டும் போட்டு அனுப்பினேன். நேர்காணல் ஒன்றில் என் சான்றிதழைப் புரட்டிவிட்டு, "எம்.பி.பி.எஸ். இல்லையா? அப்ப ஸ்டாஃப் நர்ஸ் போஸ்ட் வந்தா போடும்மா" என்றார்கள். ஸ்டாஃப் நர்ஸ் வேலையை நான் கேவலமாக நினைக்கவில்லை, அதில்தான் சோறு சாப்பிட்டேன். ஆனால் அதற்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் அரசே இரண்டு வருஷம் இதைச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியதில்லை.

டாக்டர்கள் இதைப் படித்தால் கோபப்பட வேண்டாம். தமிழ்நாட்டின் பொது சுகாதாரத் துறை 1922இல் தனி இயக்குநரகமாக ஆனது. 1939இல் மதராஸ் பொது சுகாதாரச் சட்டம் வந்தது, நாட்டிலேயே முதல். சிகிச்சைக்கு ஒரு துறை, மருத்துவக் கல்விக்கு ஒரு துறை, நோய் வராமல் தடுப்பதற்கு ஒரு தனித் துறை என்று நாம் பிரித்து வைத்திருப்பதைப் பார்க்க வெளிமாநிலக்காரர்கள் வருகிறார்கள். அதன் முதுகெலும்பு பொது சுகாதாரம் படித்த டாக்டர்கள்தான். மாவட்ட சுகாதார அலுவலர் பதவியில் டாக்டர் இருப்பதே சரி என்பது என் எண்ணம். கொள்ளைநோய் நேரத்தில் உத்தரவு போடுகிறவருக்கு நோய் தெரிந்திருக்க வேண்டும். நான் கேட்பது அவர் நாற்காலியை இல்லை. அவருக்குக் கீழே, வட்டாரத்தில் காலியாக இருக்கும் ஓர் இடத்தைத்தான்.

அந்த இடத்துக்குக் கட்டடமே கட்டியாகிறது என்பதுதான் வேடிக்கை. 15ஆவது நிதிக்குழு மானியத்தில் வட்டாரப் பொது சுகாதார அலகு என்ற பெயரில் மாநிலம் முழுக்கக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. வட்டார மருத்துவமனை, பொது சுகாதார ஆய்வகம், தகவல் பிரிவு மூன்றும் ஒன்றாக இயங்க வேண்டும் என்பது திட்டம். நல்ல யோசனை. புதுக் கட்டடம், புது கம்ப்யூட்டர், புது மைக்ராஸ்கோப். அந்தக் கம்ப்யூட்டரின் முன்னால் உட்காரப் போவது யார்? டேட்டா என்ட்ரி போடும் ஒப்பந்த ஊழியர் மட்டும் என்றால், மேலே அனுப்பிய அதே எண்களைக் கொஞ்சம் வேகமாக அனுப்புவோம். அங்கே எம்.பி.எச். படித்த ஒருவர், நிரந்தரப் பதவியில், வட்டார மருத்துவ அலுவலரின் கீழ் வேண்டும். வேலூர் மாவட்டத்தில் வேலூர், காட்பாடி, கணியம்பாடி, அணைக்கட்டு, குடியாத்தம், கே.வி.குப்பம், பேரணாம்பட்டு என்று 7 ஒன்றியங்கள். ஒன்றியத்துக்கு ஒருவர் என்றால் ஏழே ஏழு பதவி. ஒரு மேம்பாலத்தின் விளக்குக் கம்பச் செலவு ஆகுமா என்றுகூட எனக்குச் சந்தேகம்.

அவர் என்ன செய்வார் என்று கேட்பவர்களுக்கு அணைக்கட்டைச் சொல்கிறேன். 2023 மே மாதம் அல்லேரி மலைக் கிராமத்தில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. சாலை இல்லாததால் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும் முன்பே உயிர் போய்விட்டது. திரும்பும்போது ஆம்புலன்ஸ் பாதியில் நிற்க, தாயே உடலைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அந்தச் செய்தி தங்கள் வாசகர்களுக்கு நினைவிருக்கும். மருந்து இல்லாமல் நேர்ந்த சாவு இல்லை அது, தூரத்தால் நேர்ந்தது. 2024 நவம்பரில் தமிழக அரசு அதே 1939 சட்டத்தின்கீழ் பாம்புக்கடியை அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. இனி அரசு மருத்துவமனையும் தனியாரும் ஒவ்வொரு கடியையும் தெரிவிக்க வேண்டும். சரி, தெரிவிக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அதை வரைபடத்தில் ஏற்றி, பீஞ்சமந்தை மலைப் பக்கம் கடிபட்டவர் ஊசி போடும் இடத்துக்கு வர எத்தனை மணி நேரம் ஆகிறது, எந்த மாதத்தில் கடி கூடுகிறது, எந்த நிலையத்தில் மருந்து இருந்தும் போடப் பயந்து கீழே அனுப்புகிறார்கள் என்று பார்க்க ஒருவர் வேண்டுமில்லையா? மந்திரிப்பவரிடம் முதலில் போனவர்கள் எத்தனை பேர் என்பதும் அதில் வரும். அந்தக் கேள்வியைத் திட்டாமல் கேட்கத் தெரிந்த ஆளாகவும் இருக்க வேண்டும். அந்தக் கணக்கு கையில் இருந்தால் சாலைக்காகக் கலெக்டர் ஆபீஸில் வாதாட ஒரு காகிதமாவது இருக்கும்.

டெங்குவும் அப்படித்தான். கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்கள் வீடு வீடாகப் போகிறார்கள். நூறு வீட்டைப் பார்த்தால் புழு இருந்த பாத்திரம் எத்தனை என்பது ஒரு குறியீடு, புழு இருந்த வீடு எத்தனை என்பது இன்னொன்று. இரண்டும் ஒன்றாக ஏறுகிறதா, இல்லை சில வீடுகளில் மட்டும் பாத்திரம் பாத்திரமாகப் புழு இருக்கிறதா என்பதைப் பொறுத்துச் செய்ய வேண்டிய வேலையே மாறும். எங்கள் ஊரில் குழாயில் தண்ணீர் வராத நாளுக்காகத்தான் டிரம் பிடித்து வைக்கிறோம். மூடி போடு என்று நோட்டீஸ் கொடுப்பதைவிடத் தண்ணீர் விடும் முறையைச் சரி செய்யச் சொல்வது பல தெருக்களில் சரியான மருந்தாக இருக்கும். இதை நகராட்சிக் கூட்டத்தில் எண்ணோடு சொல்ல ஆள் வேண்டும்.

இதைப் படிக்கும் சிலர், சேர்க்காட்டில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் இருக்கிறதே, அங்கேயே ஒரு துறை தொடங்கச் சொல்லலாமே என்பார்கள். எனக்கு அதில் அவசரம் இல்லை. பதவி இல்லாமல் படிப்பை மட்டும் பெருக்கினால் என்னைப் போல இன்னும் கொஞ்சம் பேர் 'மற்றவை'யில் விழுவார்கள். முதலில் பதவி, அப்புறம் வகுப்பு. வேண்டுமானால் ஏற்கெனவே துறையில் இருப்பவர்களை அனுப்பலாம். அரசு டாக்டர்களுக்கு முதுநிலை மருத்துவப் படிப்பில் 50 சதவீதம் சர்வீஸ் கோட்டா இருக்கிறது. அதேபோலப் பட்டம் பெற்ற செவிலியருக்கும் சுகாதார ஆய்வாளருக்கும் சம்பளத்தோடு விடுப்புக் கொடுத்து மாநிலப் பல்கலைக்கழகத்தில் எம்.பி.எச். படிக்க அனுப்பலாம். இருபது வருஷம் ஒரு வட்டாரத்தில் சைக்கிளிலும் டூவீலரிலும் சுற்றிய ஒரு சுகாதார ஆய்வாளருக்கு இந்தப் படிப்பும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருக்கிறது.

வெளிநாட்டு விஷயத்துக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் மாநிலப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் குறைவு என்று கட்டுரையில் இருந்தது. அந்தக் குறைந்த கட்டணம் பெரும்பாலும் அந்த மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு. நம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வெளியாள் கட்டணம்தான், அது நிறையவே கூடும். காட்பாடியில் பேனர் வைத்திருக்கும் கன்சல்டன்சிக்காரர்கள் இதை முதல் நாளில் சொல்வதில்லை. வீட்டை அடகு வைத்துக் கடன் வாங்கும் முன் இரண்டு கட்டணத்தையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பல்கலைக்கழகத்தின் பொது சுகாதாரப் பள்ளி அங்கே அங்கீகாரம் பெற்றதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளூரில் படிக்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது: ஏற்கெனவே ஒரு தொழிற்பட்டம் கையில் இருந்தால் தாராளமாகச் சேருங்கள், படிப்பு ஏமாற்றாது. இதை மட்டும் நம்பி உடனே அரசு வேலை என்று கணக்குப் போடாதீர்கள்.

கடைசியாக என் கோரிக்கை. எங்கள் மாவட்டத்தில் காட்பாடி, வேலூர், அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம் என்று 5 சட்டமன்றத் தொகுதிகள். மக்கள் நல்வாழ்வுத் துறை மானியக் கோரிக்கை வரும்போது அந்த ஐந்து உறுப்பினர்களில் யாராவது ஒருவர் எழுந்து, எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, இரண்டே கேள்வி கேட்கட்டும். வட்டாரப் பொது சுகாதார அலகுகளுக்கு அனுமதிக்கப்பட்ட நிரந்தரப் பணியிடங்கள் என்னென்ன? அவற்றில் எதற்காவது கல்வித் தகுதியாக எம்.பி.எச். சேர்க்கப்பட்டிருக்கிறதா? மாநிலப் பல்கலைக்கழகங்களில் சமர்ப்பிக்கப்படும் பொது சுகாதார ஆய்வேடுகளின் சுருக்கம் ஒன்றைத் தமிழில், இரண்டு பக்கத்தில், ஆய்வு நடந்த வட்டாரத்துக்கு அனுப்ப வேண்டும் என்று உத்தரவு போடவும் யாரும் தனியாக நிதி ஒதுக்க வேண்டியதில்லை. அமைச்சர் பதில் சொன்னால் அதையும் இதே பகுதியில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஒப்பந்தப் பணியில் இருப்பதால் என் பெயரையும் முகவரியையும் வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
குடியாத்தம் வாசகி